ஆறு வயதுக்கு முன்: சிறப்பாசிரியர் வேலை பற்றி ஒரு பதில்

கேள்வி: பள்ளத்தூரில் பி.எஸ்சி. முடித்திருக்கிறேன். மாற்றுத்திறன் கொண்ட சிறு குழந்தைகளுக்கு ஆசிரியராக வேண்டும் என்பது என் ஆசை. எனக்குப் பொறுமை அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது போதுமா? அன்றாடம் என்ன வேலை இருக்கும்? என்ன படிக்க வேண்டும்? காரைக்குடிப் பக்கத்திலேயே வேலை கிடைக்குமா? திருமணமாகி வெளியூர் போனால் இந்தப் படிப்பு உதவுமா?

பதில்:

பொறுமை காலை பதினொரு மணி வரை தாங்கும். அதற்குள் ஒரு குழந்தை உங்கள் கையைக் கடித்திருக்கும், இன்னொன்று பாயை நனைத்திருக்கும், மூன்றாவது குழந்தையின் தாய் வாசலில் நின்று அழுதுகொண்டிருப்பார். அதற்குப் பிறகும் உங்களைத் தரையில் உட்கார வைப்பது ஆர்வம்தான். இந்தக் குழந்தை இதை ஏன் இப்போது செய்தது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாத ஆர்வம். அது உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பொறுமை பின்னாலேயே வந்துவிடும். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் இந்த வயதுக் குழந்தைகளோடு நெடுங்காலமாக வேலை செய்கிறவள் நான். நீங்கள் கேட்ட வரிசையை விட்டுவிட்டு, எனக்கு முக்கியமாகப் படுவதை முதலில் சொல்கிறேன்.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உங்கள் கையில் இருக்கும் நேரம் சொற்பம். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் வந்தாலே பெரிது. மற்ற நேரமெல்லாம் வீட்டில்தான். ஆகவே நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியது முதலில் வீட்டிலிருக்கும் பெரியவருக்கு. நம் பக்கத்தில் பல வீடுகளில் அவர் அப்பத்தாவாகவோ ஆயாவாகவோ (தாயைப் பெற்றவர்) இருப்பார். தகப்பனார் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து வீடியோ அழைப்பில் முகம் காட்டுவார். தாய் சமையற்கட்டுக்கும் மருத்துவமனைக்குமாக அலைந்துகொண்டிருப்பார். குழந்தையை மடியில் வைத்திருப்பது பாட்டிதான். அவரை உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளாமல் எந்தத் திட்டமும் நடக்காது.

செட்டிநாட்டு வீடுகளில் இப்படிப்பட்ட குழந்தைக்கு அன்புக் குறைவு என்று நான் கண்டது அரிது. அன்பு முந்திக்கொள்வதுதான் சங்கடம். குழந்தை பாலைப் பார்ப்பதற்கு முன்பே பால் வாய்க்கு வந்துவிடும். அழுகைக்கு முன்பே தூக்கிவிடுவார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு இன்னும் குழையப் பிசைந்து ஊட்டுவார்கள். கேட்க வேண்டிய தேவையே இல்லாத குழந்தை எதற்காகக் கேட்கும்? பேச்சு தாமதமாகும் குழந்தையிடம் நான் முதல் வாரத்தில் செய்யச் சொல்வது இதுதான்: அவனுக்குப் பிடித்த தேன்குழலை உள்ளே இருப்பது தெரியும்படியான டப்பாவில் போட்டு, அவனால் திறக்க முடியாதபடி இறுக மூடி, கண்ணுக்கு எதிரே வையுங்கள். பிறகு ஒன்றும் பேசாமல், மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவன் டப்பாவைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தாலும் சரி, உங்கள் கையைப் பிடித்து இழுத்தாலும் சரி, 'ம்' என்றாலும் சரி, அவன் கேட்டுவிட்டான் என்றுதான் பொருள். உடனே 'தா' என்று அவன் சார்பில் நீங்களே ஒருமுறை சொல்லிவிட்டு, ஒரு சிறு துண்டு மட்டும் கொடுங்கள். முழுத் தேன்குழலையும் கொடுத்துவிட்டால் அன்றைய பாடம் அத்துடன் முடிந்துவிடும். துண்டு துண்டாகக் கொடுத்தால் இருபது முறை கேட்பான்.

அந்தப் பத்து எண்ணிக்கை இருக்கிறதே, அதுதான் பாட்டிமார்களுக்கு மிகக் கடினம். 'பிள்ளையைப் போட்டு ஏங்க வைக்கிறீர்களே' என்று என்னைக் கடிந்துகொண்ட அப்பத்தாக்கள் உண்டு. அவர்களிடம் வாதாடாதீர்கள். அவர்கள் கையிலேயே டப்பாவைக் கொடுத்து அவர்களையே செய்யச் சொல்லுங்கள். குழந்தை முதல்முறை முகம் பார்த்துக் கேட்பது அப்பத்தாவிடமாக இருக்கட்டும், உங்களிடமாக இருக்க வேண்டாம். அதன்பின் நீங்கள் வீட்டுக்குப் போகாத நாளிலும் பாடம் நடக்கும்.

இனி அன்றாட வேலை. பெரும்பகுதி சாப்பாடு, கழிப்பறை, உடை, நடை, விளையாட்டு. பலகை, சாக்கட்டி எல்லாம் பிற்பாடு. ஒரு செயலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, கடைசிப் படியிலிருந்து தொடங்குவது எங்கள் தொழிலின் அடிப்படை உத்திகளில் ஒன்று. கால்சட்டை போடப் பழக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் நாமே நுழைத்து, இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் குழந்தைக்கு விடுகிறோம். இழுத்ததும் வேலை முடிந்துவிடுகிறது, பாராட்டும் கிடைக்கிறது. அது பழகியபின் முழங்காலிலிருந்து, பிறகு கணுக்காலிலிருந்து. முதல் படியில் தொடங்கினால் ஒரு காலை நுழைத்துவிட்டுக் குழந்தை சலித்துப்போகும், மீதியை நாம்தான் செய்வோம். கடைசியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் முடித்தவன் அவனாகவே இருக்கிறான். கையைப் பிடித்து உதவும்போதும் அப்படித்தான்: முதலில் கையின் மேல் கை, பிறகு மணிக்கட்டில், பிறகு முழங்கையில் ஒரு தொடுதல், கடைசியில் வெறும் பார்வை. உதவியை எப்போது எடுப்பது என்பதில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது. கொடுப்பது எல்லோருக்கும் வரும்.

மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தை என்றால் உட்காரும் விதமே பாதிப் பாடம். மல்லாத்திப் படுக்கவைத்துச் சங்கால் புகட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தலை பின்னால் சாய்ந்திருந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகலாம், அதனால் நெஞ்சுச் சளியும் நிமோனியாவும் வரலாம். இடுப்பு மடங்கி நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாய் சற்றுக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இதற்கென்று தயாரித்த நாற்காலி வாங்க முடியாத வீட்டில், இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் குழந்தையை உட்காரவைத்து, இரு பக்கமும் தலையணை கொடுத்தால் முதுகுக்குத் தாங்கல் கிடைக்கும். இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, அந்தக் குழந்தைக்குப் பொருந்துகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பார்க்க அழகு, ஆனால் நிலை தடுமாறும் குழந்தைக்கு வழுக்கும். நடக்கப் பழகும்போது கோரைப்பாய் விரித்து, வெறுங்காலோடு விடுங்கள். கால் ஊன்றக் கற்ற குழந்தைக்கு அதே தரை நல்ல விளையாட்டிடம்: சிவப்பில் ஒரு கால், பச்சையில் ஒரு கால். வளவை (வீட்டின் நடு முற்றத்தை) சுற்றிவர வேறு உபகரணமே தேவையில்லை. நம் வீடுகளின் உயர்ந்த படிகள்தான் பெரிய தொல்லை. முகப்பில் ஒரு சாய்தளம் போடச் சொன்னால் 'வீட்டு அழகு போய்விடும்' என்பார்கள். பலகையில் செய்து, தேவைப்படும்போது போட்டு எடுக்கும்படி யோசனை சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்கள்.

மதிப்பீடு என்ற பெயரில் உங்களுக்குப் படிவங்கள் நிறைய வரும். அவற்றில் நம் ஊரிலேயே பிறந்தவற்றை அறிந்துவைத்திருங்கள். மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம் என்பது 1975இல் சென்னையில், விஜய் ஹியூமன் சர்வீசஸ் நிறுவனத்தில் உருவானது. 18 துறைகள், துறைக்கு 20 வீதம் 360 திறன்கள். குழந்தையால் முடிந்ததை நீலத்திலும் முடியாததைச் சிவப்பிலும் குறிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பார்த்தவுடன் புரிந்துகொள்ளலாம். மிகச் சிறிய குழந்தைகளுக்குச் சென்னை மதுரம் நாராயணன் மையம் உருவாக்கிய உபநயன் என்ற பயிற்சித் திட்டம் இருக்கிறது. இத்தகைய மதிப்பீட்டிலிருந்துதான் தனிநபர் கல்வித் திட்டம் எழுதுவோம். 'தானாகச் சாப்பிடக் கற்றுக்கொள்வான்' என்று எழுதினால் அது ஆசை. 'மூன்று மாதத்துக்குள், பிசைந்த சாதத்தைக் கரண்டியால் ஐந்தில் நான்கு முறை சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவான்' என்று எழுதினால்தான் குறிக்கோள். நடந்ததா இல்லையா என்று யார் வந்தாலும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

குழந்தைகள் நம்மிடம் தாமதமாக வருவதற்குக் காரணமான இரண்டு வாக்கியங்கள் உண்டு. 'ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்' என்பது ஒன்று. 'இவன் அப்பச்சியும் (தகப்பனும்) ஐந்து வயதில்தான் பேசினான்' என்பது இன்னொன்று. நாக்கில் வசம்பு தேய்ப்பார்கள், கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள். நேர்ந்துகொள்வதில் எனக்கு மறுப்பில்லை. பிள்ளையார்பட்டிக்குப் போகிற அதே வாரத்தில் காது பரிசோதனைக்கும் போகட்டும் என்பதுதான் என் வேண்டுகோள். ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டாத குழந்தை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தை: இவர்களைப் பார்க்கச் சொல்லிவிட வேண்டும், காத்திருக்கக் கூடாது. பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் முதலில் காது. கதவு சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பது சோதனையாகாது. செவித்திறன் குறைபாட்டை ஒரு மாதத்துக்குள் சோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் பயிற்சி தொடங்குவது உலகெங்கும் ஏற்ற நெறி. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், காது கேட்க அறுவை செய்து வைக்கும் காக்ளியர் கருவி பொருத்துவதற்கு ஆறு வயது வரம்பு இருக்கிறது. ஐந்தேமுக்கால் வயதில் அழைத்துவந்தால் அலைச்சல்தான் மிஞ்சும்.

மொழி விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். 'குழப்பம் வரக்கூடாது, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்' என்று பெற்றோருக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்பத்தாவுக்குத் தமிழ்தான் தெரியும். தாய்க்கு ஆங்கிலத்தில் தாலாட்ட வராது. ஆக, வீட்டில் அந்தக் குழந்தையோடு பேசுவதே நின்றுபோகிறது. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. கொஞ்சுவதும் திட்டுவதும் எந்த மொழியில் இயல்பாக வருகிறதோ, அந்த மொழியில் பேசச் சொல்லுங்கள்.

சில உடல்நலச் செய்திகள் தெரிந்திருப்பது கட்டாயம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு இதயம், தைராய்டு, காது மூன்றையும் மருத்துவர் பார்த்துவிட்டாரா என்று கேளுங்கள். கழுத்தெலும்பு இணைப்பு தளர்ந்திருக்கலாம் என்பதால் மருத்துவர் சொல்லாமல் குட்டிக்கரணம் போன்ற விளையாட்டு வேண்டாம். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, சுற்றியிருப்பவற்றை விலக்கி, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனை. குணப்படுத்துகிறேன் என்று வருகிறவர்களிடமும் எச்சரிக்கை தேவை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று நிலத்தை விற்கவைப்பவர்கள் உண்டு. முறையான ஆய்வுக்கு வெளியே அதைக் கொடுக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதலில் இடமில்லை என்பதைப் பெற்றோரிடம் தயங்காமல் சொல்லுங்கள். உங்களைவிட நெருக்கமாக அதைச் சொல்ல அவர்களுக்கு வேறு ஆள் இருக்காது.

அடம் என்று வீட்டார் சொல்வதை நீங்கள் அந்தப் பெயரால் எழுதாதீர்கள். முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதனால் அதற்கு என்ன கிடைத்தது என்று மூன்று கட்டம் போட்டு ஒரு வாரம் குறித்துவையுங்கள். எவர்சில்வர் தட்டு கீழே விழும்போதெல்லாம் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளும் குழந்தைக்கு அந்த ஓசை வலிக்கிறது, அவ்வளவுதான். திருமண வீடு இன்னும் பெரிய சோதனை. ஆள்கூட்டம், நாகசுரம், கன்னத்தைக் கிள்ளும் உறவினர்கள். கூட்டம் சேருமுன் ஒருமுறை அழைத்துப்போய் இடத்தைக் காட்டுங்கள், ஒதுங்க ஓர் அறை கேட்டு வையுங்கள், அரைமணி நேரத்தில் திரும்பிவிடுங்கள் என்று சொல்லிக்கொடுப்பேன். இதற்கும் கல்விக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். அந்தத் திருமணத்துக்குப் போக முடியாமல் வீட்டிலேயே அடைந்துகிடக்கும் தாயின் நிலை உங்கள் வேலைக்குள் வருகிறது. 'உன் வழியில்தான் இப்படி' என்று மருமகளைச் சொல்லும் வீடுகளில் நீங்கள் சொல்லும் ஒரு விளக்கத்துக்கு நிறைய மதிப்பு உண்டு.

சட்டம், சலுகை பற்றிச் சுருக்கமாக. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழுதான். நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. கவனியுங்கள், கல்வி உரிமை ஆறில் தொடங்குகிறது. மூளை வேகமாக வளரும் காலம் அதற்கு முன்பே கழிந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் இருப்பவை அங்கன்வாடியும், 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. சிறார் நலத் திட்டமும், தொண்டு நிறுவனங்களின் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களும். ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். சந்தேகமான குழந்தையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு. உங்கள் பகுதி அங்கன்வாடிப் பணியாளரோடு நட்பாக இருங்கள். எந்த வீட்டில் எந்தக் குழந்தை என்று அவருக்குத் தெரியும். பெற்றோருக்கு நீங்கள் நினைவூட்ட வேண்டியவை: மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை, 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீடு. வசதியுள்ள குடும்பங்கள் அடையாள அட்டை எடுக்க வெட்கப்படும். பிற்பாடு தேர்வுச் சலுகை முதல் பாதுகாவலர் நியமனம் வரை சான்று கேட்பார்கள் என்பதை விளக்கிவிடுங்கள்.

படிப்பு. இந்திய மறுவாழ்வு கவுன்சில், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆர்.சி.ஐ., அங்கீகரித்த படிப்பு மட்டுமே செல்லும். முடித்தபின் அதன் மையப் பதிவேட்டில் பெயரைப் பதிந்து எண் வாங்க வேண்டும். பதிவில்லாமல் இந்தத் தொழிலைச் செய்வது அந்தச் சட்டப்படி தண்டனைக்குரியது. பதிவை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும், அதற்குத் தொடர் பயிற்சிகளில் கலந்து மதிப்பெண் சேர்க்க வேண்டும். நீங்கள் பட்டதாரி என்பதால் இரண்டாண்டு பி.எட். சிறப்புக் கல்வி எடுக்கலாம். பள்ளிப் பணிகளுக்கு அது உதவும். மழலையரோடு மட்டும் இருக்க வேண்டும் என்றால் ஆரம்பநிலைச் சிறப்புக் கல்விக்கென்றே ஓராண்டு டிப்ளமோ உண்டு. என் அபிப்பிராயத்தில் முதலில் பி.எட்., பிறகு டிப்ளமோ. அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே சிறப்புக் கல்வி, மறுவாழ்வு அறிவியல் துறை இருக்கிறது. சென்னை முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. எங்கே சேர்ந்தாலும் அந்தக் கல்லூரிக்கும் அந்தப் பிரிவுக்கும் அந்த ஆண்டுக்கான அனுமதி இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அனுமதி காலாவதியான இடத்தில் படித்துவிட்டுப் பதிவு எண் கிடைக்காமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

வேலை கிடைக்கும், சம்பளம் பற்றிக் கனவு வேண்டாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். தொகுப்பூதியம், வாரத்தில் பல பள்ளிகள், நடக்க முடியாத குழந்தைகளின் வீடுகளுக்கும் போக வேண்டும். சாக்கோட்டை, கல்லல் போன்ற ஒன்றியங்களில் பஸ் பார்த்துப் போய்வருவதற்குள் பாதி நாள் போய்விடும், இருசக்கர வாகனம் ஓட்டப் பழகிக்கொள்ளுங்கள். எத்தனை மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று விகிதம் வகுக்கும்படி 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொன்னது. தொடக்கப் பள்ளிகளில் இத்தகைய பத்து மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர் என்று 2022இல் மத்திய அரசு அறிவித்தது. நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கச் சொல்லி 2025இல் நீதிமன்றம் மாநிலங்களை மீண்டும் முடுக்கியது. ஆகவே இன்றைய நிலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தனியார் மையங்களில் ஊதியம் மையத்துக்கு மையம் மாறும். ஒரே நேரத்தில் எத்தனை குழந்தைகளை ஓர் ஆசிரியரிடம் விடுகிறார்கள், பயிற்சியின்போது பெற்றோரை உள்ளே அனுமதிக்கிறார்களா என்று கேளுங்கள். பெற்றோரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தும் மையத்தில் சேராதீர்கள். அங்கே நீங்கள் கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது.

சின்ன விஷயம் ஒன்று: கண்ணாடி வளையல், தொங்கட்டான், நீளத் தாலிச் சங்கிலி எதுவும் வேலைக்கு ஆகாது. கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். குழந்தையைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்குங்கள். இந்தத் தொழிலில் முதுகு போனவர்கள் அதிகம்.

வெளியூர் கேள்வி. உங்கள் பதிவு இந்தியா முழுவதும் செல்லும், தமிழ் பேசாத மாநிலத்தில் மொழிதான் இடிக்கும். சிங்கப்பூர், மலேசியா என்றால் அந்தந்த நாட்டுத் தகுதி விதிகள் தனி, இங்குள்ள பதிவு எண் அங்கே தானாகச் செல்லாது. அந்த யோசனை இருந்தால் சான்றிதழோடு பாடத்திட்டம், பயிற்சி மணிநேரக் கணக்கு இரண்டையும் கல்லூரியிடம் முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் நாளில் அவற்றையும் கேட்கக்கூடும், ஊரைவிட்டுப் போனபின் அவற்றை வாங்குவது பெரும்பாடு.